நாலாம் நம்பர் போயாவுக்கு மூன்று கோட்டிங்

1

தமிழில் இதுவரை எழுதப்பட்ட கதைகளில் துருப்பிடிக்காத கதை இது ஒன்றுதான். இதை நான் மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன். மற்றவர்கள் எழுதுகிறார்கள், அடிக்கிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள். ஒரு வரியை எட்டுத் தடவை சுரண்டி ஒன்பதாம் தடவை பூசுகிறார்கள். நான் அப்படி இல்லை. எழுதினால் எழுதியதுதான். ஒன்றாம் வகுப்புச் சிலேட்டிலிருந்து இன்றுவரை என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருந்ததாக யாராலும் நிரூபிக்க முடியாது. (சிலேட்டில் நிரூபிப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம்.)

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஒரு பெண் ஒரு இரும்பை நக்கினாள். அதிலிருந்து வந்தது.

என் பெயர் எஸ்றா. சாத்தான்குளத்துக்காரன், கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம். அப்பா தலைமையாசிரியர். ஆகையால் லீவு நாட்களில் வீட்டில் இருப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. 1974 மே மாதம் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் லீவு வேலைக்குச் சேர்ந்தேன். பதவி டைம் கீப்பர். கொடுத்த ஆயுதங்கள் இரண்டு: கழுவ வருகிற தண்ணீரைக் கணக்கு எழுதுகிற தண்ணீர் நோட்டு ஒன்று, காப்பி பென்சில் ஒன்று. அந்தப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பதியும். பதிந்தால் ரப்பர் போட்டாலும் போகாது. என் கொள்கைக்கென்றே செய்த பென்சில்.

2

கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "மன்னார் வளைகுடாவின் மேல் செவ்வாய்க்கிழமைச் சூரியன் எழுந்தபோது, கையில் வாளியோடு நான்"

இது வேண்டாம். சூரியனைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். (அடிக்கவில்லை, கவனியுங்கள். நிறுத்தியிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.)

தொடக்கம் இரண்டு: "மண்ணுக்குள் இருந்தபோது இரும்பு கிட்டத்தட்ட துருவாகத்தான் இருந்தது. மனிதன் அதைத் தோண்டி, சூளையில் போட்டு, அடித்து மிரட்டி இரும்பாக்கினான். சந்தர்ப்பம் கிடைத்தால் அது பழையபடி துருவாகிவிடத் துடிக்கிறது, லீவு விட்டதும் ஊருக்கு ஓடுகிற ஹாஸ்டல் பையனைப் போல. பெயிண்ட் என்பது வார்டன்."

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஆள் யாரும் இல்லை. கல்லூரி மலருக்கு அனுப்பிக்கொள்கிறேன்.

தொடக்கம் மூன்று, இதுதான் நிலைக்கிறது:

கரையில் ஐந்து போயாக்கள் கிடந்தன. போயா என்றால், கப்பலுக்கு வழி காட்டக் கடலில் மிதக்கவிடுகிற இரும்பு மிதவை. ஒவ்வொன்றும் எங்கள் ஹாஸ்டல் ரூம் அளவு இருக்கும், காற்றோட்டமும் அதே அளவுதான். பழைய துருவைச் சுத்தியலால் கொத்த வேண்டும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், உப்புத்தாள்* போட வேண்டும், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், காய வேண்டும். அப்புறம் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டிங், மேலே கறுப்பு ஒரு கோட்டிங். திரும்பக் கடலுக்கு.

(*உப்புத்தாளில் உப்பு கிடையாது. நக்கிப் பார்த்த ஆள் சொன்னது. அந்த ஆள் இதோ வருகிறாள்.)

கொத்துவதும் கழுவுவதும் ஆறு பெண்கள் கொண்ட ஒரு செட்டு. அதற்குத் தலைவி தங்கத்தாய். முப்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வருஷம் முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் இங்கே வந்தவள். பெயிண்ட் அடிப்பது ரோச் மேஸ்திரியின் ஆட்கள். ரோச்சின் அப்பா முத்துக் குளித்தவர்; மகன் பெயிண்டில் குளிக்கிறார். இவர்களுக்கெல்லாம் மேலே எஞ்சினியர் சிவனணைந்தபெருமாள். பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் முதல் கோட்டிங் காய்ந்துவிடும் என்பதால் எல்லாருக்கும் அவர் 'சார்'. இந்தக் கதையிலும் அப்படியே.

அவ்வளவுதான் ஆட்கள். நல்ல தண்ணீரைக் கொண்டுவருகிற லாரி டிரைவர் இசக்கியப்பன் என்று ஒருவர் உண்டு. அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்க்காவிட்டாலும் பாதகமில்லை.

3

செவ்வாய்க்கிழமை ஐந்து போயாவும் கழுவியாயிற்று. அன்று தங்கத்தாய் இல்லை. தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஸ்ரீவைகுண்டம் போயிருந்தாள். புதன்கிழமை காலையில் வந்தாள். ரோச் மேஸ்திரி ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். தங்கத்தாய் நேரே நாலாம் நம்பர் போயாவிடம் போனாள். குனிந்தாள். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள். துப்பினாள்.

"மேஸ்திரி, உப்பு கெடக்கு."

ரோச் கலக்குவதை நிறுத்தவில்லை. "ஏளா, காலையில என்னத்தத் தின்னுட்டு வந்த?"

"பழைய சோறு. அதுல போட்ட உப்பு எனக்குத் தெரியும். இது வேற உப்பு."

இந்த இடத்தில் விஞ்ஞானத்தின் சார்பாக நான் குறுக்கிட வேண்டியதாயிற்று.

"அக்கா, இது தூத்துக்குடி. காத்தே உப்பு. கலெக்டர் ஜீப்பை நக்கினாலும் கரிக்கத்தான் செய்யும்."

"கலெக்டர் ஜீப்புக்கு நாம பெயிண்ட் அடிக்கலியே தம்பி."

"உப்பு இருக்கா இல்லையான்னு பாக்கதுக்கு சில்வர் நைட்ரேட்னு ஒரு மருந்து இருக்கு. ஒரு சொட்டு விட்டா வெள்ளையாத் திரியும். நாக்கை நீட்டக் கூடாதுன்னுதான் மனுஷன் அதைக் கண்டுபிடிச்சான்."

"அந்த மருந்தை இங்கன கொண்டாந்திருக்கியளா?"

"காலேஜ்ல இருக்கு."

"நாக்கு இங்கன இருக்கு" என்றாள்.

பெயிண்ட் ஆட்கள் சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்பதால், அதைத் திருப்பிவிட வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. அன்று மத்தியானம்வரை நான் திருப்பினேன். தங்கத்தாய்க்கு 'நாக்கு லேபரட்டரி' என்று பெயர் வைத்தேன். டீக்கடையில் ஒவ்வொரு கிளாஸையும் நக்கிக்காட்டி, "மேஸ்திரி, சீனி கெடக்கு!" என்றேன். நல்ல வரவேற்பு.

கடைசியில் தண்ணீர் நோட்டை விரித்துக் காட்டினேன். ஊதா எழுத்தில் இருந்தது: "செவ்வாய். நல்ல தண்ணி, 3 டிரம்."

"நோட்டுலயே நல்ல தண்ணின்னு போட்டிருக்குளா" என்றார் ரோச். "தள்ளி நில்லு. கலக்குன பெயிண்டு இறுகுது."

மூன்று கோட்டிங்கும் அடித்தாயிற்று. ஐந்து போயாவும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன.

4

இங்கே எனக்கு ஒரு சங்கடம். தங்கத்தாய் என்ற பாத்திரம் எனக்குத் திருப்தியாக இல்லை. அவள் ரொம்பச் சரியாக இருக்கிறாள். இவ்வளவு சரியான ஆளை வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே அவளுக்கு ஒரு குறை வைக்கப் பார்த்தேன். பொய் சொல்லுகிறவள் என்று எழுதலாமா? அப்படி ஒரு பாத்திரத்துக்கு இந்தக் கதையில் ஏற்கெனவே ஆள் இருக்கிற மாதிரி

வேண்டாம். சீட்டுப் போடுகிறவள்? வெற்றிலை போட்டுக் கண்ட இடத்தில் துப்புகிறவள்? கண்ட இடத்தில் துப்புவாள் என்பது உண்மை, ஆனால் நக்கிப் பார்த்த பிறகுதான் துப்புவாள். குறை தேடியதில் கண்ணில் பட்டது அவளுடைய கால்தான். இரண்டு காலிலும் முழங்கால்வரை வட்ட வட்டமாகத் தழும்பு. உப்பளத்தில் நின்றால் காலில் புண் வரும். உப்புத் தண்ணீரிலேயே நிற்பதால் ஆறாது. "இந்த ஒரு வருஷமாத்தான் தம்பி, கால்ல துணி சுத்தாம நடக்கேன்" என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். இதைக் குறை என்று எழுத முடியாது. பாத்திரம் அப்படியே இருக்கட்டும்.

சார் ஒன்றாம் நம்பர் போயாவைச் சோதனைக்காகக் கடலில் இறக்கச் சொன்னார். பதினைந்து நாள் மிதந்தது. ஒரு வியாழக்கிழமை கிரேனில் தூக்கினார்கள்.

போயா முழுக்கக் கொப்புளம். பொரித்த அப்பளத்தில் இருக்குமே, அந்த மாதிரி. சில இடத்தில் கோலிக்குண்டு பருமன்.

முதலில் ரோச்சுக்குத்தான் வாய் திறந்தது. "யேசுவே! முத்துச் சிலாபம் நின்னு பதிமூணு வருஷமாச்சுலே. இப்ப போயாவுல வெளைஞ்சிருக்கு!"

சார் சிரிக்கவில்லை. "யாரு கழுவுனது?"

"தங்கத்தாய் செட்டு, சார்" என்றார் ரோச்.

"ஒழுங்காக் கழுவல. அழுக்கு மேலயே பெயிண்ட் ஏறியிருக்கு. சனிக்கிழமையோட ஆறு பேரையும் நிறுத்திரும். வேற செட்டு பாத்துக்கிடலாம்."

ஆறு பேருக்கும் வேறு வேலை என்றால் அந்தக் கரையில் உப்பளம்தான். மற்ற ஐந்து பேரும் தங்கத்தாயைப் பார்த்தார்கள். அவள் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒரு கொப்புளத்தைக் குத்தினாள். உள்ளேயிருந்து தண்ணீர் வடிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கடல் தண்ணி."

"கடல்ல மெதந்த போயாவுல கடல் தண்ணி இல்லாம காப்பியா இருக்கும்?" என்றார் சார்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்.

"அப்ப கடல்ல எறங்காத நாலாம் நம்பரைச் சொரண்டிப் பாப்போம் சார்" என்றாள். "உள்ள இரும்புல உப்பு இருந்தா, அது நாங்க கழுவாத கொறை இல்ல. கழுவுன தண்ணியோட கொறை."

"நல்லாக் காஞ்ச பெயிண்டை எவனாவது சொரண்டுவானா? ஒன்னாம் நம்பரை மட்டும் திரும்ப அடியும், மத்த நாலும் திங்கக்கிழமை கடலுக்குப் போணும்" என்று ரோச்சிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

தங்கத்தாய் என் பக்கம் வந்தாள். "காலேஜ் தம்பி, அந்தச் செவ்வாக்கெழம நான் இல்ல. லாரி வந்துச்சா?"

"வந்ததா நோட்டுல இருக்குக்கா."

"நோட்டைக் கேக்கல. ஒங்களக் கேட்டேன்" என்றாள்.

டீக்கடைக்காரர் கூப்பிடுகிற மாதிரி எனக்குக் கேட்டது. போய்விட்டேன்.

5

கவனமான வாசகர்கள் சிலர் இந்நேரம் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்கள்: அந்த உப்பு எங்கிருந்து வந்தது? கவனமான வாசகர்கள் கதைக்கு எப்போதுமே தொந்தரவு. ஆனாலும் பதில் சொல்கிறேன்.

முதல் கோட்டிங் பதில்: கடல் காற்று.

இரண்டாவது கோட்டிங் பதில்: இசக்கியப்பன் லாரியில் கொண்டுவந்த தண்ணீரே அன்று கரிப்பாக இருந்திருக்கலாம். அவர் எந்தக் குளத்தில் பிடித்தாரோ, யார் கண்டது.

மூன்றாவது கோட்டிங்: இதெல்லாம் ஒரு கதைதானே.

பளபளப்பாக வந்துவிட்டது. இதோடு அடுத்த பகுதிக்குப் போயிருப்பேன். ஆனால் கெமிஸ்ட்ரியில் ஒரு பாடம் உண்டு. பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு சும்மா கிடக்காது. பெயிண்டின் வழியாக வெளியே இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். எத்தனை கோட்டிங் அடித்தாலும் இழுக்கும். இழுத்த தண்ணீர் சேர்ந்து பெயிண்டை அடியிலிருந்து தள்ளும். அதுதான் கொப்புளம். இந்தக் கேள்விக்கு நான் பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். ஒரு மார்க் படம் வரையாததற்குப் போயிற்று.

படம் இதோ.

அந்தச் செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே இசக்கியப்பன் என்னிடம் சொல்லிவிட்டார்: "நாளைக்கு வரமாட்டேன் தம்பி. கயத்தாத்துல மச்சினன் கல்யாணம். சார்கிட்ட சொல்லிருங்க." நான் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். புதன்கிழமை கழுவ வேண்டியிருக்கும்; தண்ணீர்க் கணக்குக்கு நான் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். புதன்கிழமை டவுனில் எனக்கு மேட்னி ஷோ இருந்தது. டிக்கெட் எடுத்து வைத்திருந்த நண்பன் சாகுபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறான். ஆகவே செவ்வாய்க்கிழமை விடியற்காலை, செட்டு வருவதற்கு முன்னால், கடலிலிருந்து வாளி வாளியாக மொண்டு மூன்று டிரம்மையும் நிரப்பினேன். (முதல் தொடக்கத்தில் என் கையில் இருந்த வாளி இதுதான்.) தண்ணீர் தண்ணீர்தான், காய்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். பத்துக்கு ஒன்பது வாங்கிய ஆள் நினைத்தது இது.

அந்த ஐந்து பெண்களுக்கும் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தூத்துக்குடிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரே பாதிக் கடல். வேலைக்கு வருகிற டிரம் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிற ஆள் அந்தக் கரையில் ஒருத்திதான். அவள் அன்று காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுதினேன். "நல்ல தண்ணி, 3 டிரம்."

படம் சுமார்தான். நான் பார்த்த மேட்னியைச் சொல்கிறேன்.

6

முடிவுகள். மூன்று செய்து வைத்திருக்கிறேன், கடையில் மாதிரித் துணி வைத்திருக்கிற மாதிரி. விரித்துப் பாருங்கள்.

(அ) எஸ்றா வெள்ளிக்கிழமை காலை நிமிர்ந்த நெஞ்சோடு சாரின் அறைக்குள் நுழைந்து, "குற்றவாளி நான்தான்" என்றான். சாரின் கண்கள் பனித்தன. ஆறு பெண்களும்

அளவு வேண்டாமா? வெள்ளிக்கிழமை காலை சாரின் அறை வாசல்வரை போனது உண்மை. உள்ளே ஃபோனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் நடக்கப்போகிற விழாவுக்குப் பெரிய ஆள் வரப்போகிறார், நாலு போயாவும் கடலில் நிற்காவிட்டால் எல்லார் தலையும் போகும் என்றார். எனக்கு என் தலைமீது பிரியம் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் ஒரு யோசனை ஓடியது. காப்பி குடிக்கப் போனேன்.

(ஆ) இசக்கியப்பன் வேறு எதற்கோ சாரிடம் பேசும்போது, "அந்தச் செவ்வாக்கெழம நான் கயத்தாத்துல இருந்தேன் சார்" என்று சொல்லிவிடுகிறார். உண்மை தானாக வெளியே வருகிறது. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. வெள்ளிக்கிழமை முழுவதும் இசக்கியப்பனைச் சாரின் பக்கமாகவே நடத்திக்கொண்டு போனேன். மனுஷன் டீசலைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

(இ) தங்கத்தாய் வேலையை விட்டுப் போகிறாள். நாலு போயாவும் கடலுக்குப் போகின்றன. விழா நடக்கிறது. ஆறு மாதத்தில் கொப்புளம் உடைந்து இரும்பு தெரிகிறது. அப்போது நான் லேபில் சில்வர் நைட்ரேட் விட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்த மூன்றாவது முடிவுக்கு நான் ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அப்படியே விட்டால் அது தன்னாலேயே வந்து சேரும். அதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கத்தாய் டிபன் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன தம்பி, ரெண்டு நாளா நாக்கு லேபரட்டரின்னு கூப்பிடவே இல்ல? அதையும் நிறுத்திட்டியளா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன்.

7

முடிவை உங்களிடம் விடுகிறேன். சனிக்கிழமை காலை சார் கையில் ஆட்களின் பெயர் எழுதிய மஸ்டர் ரோலோடு வருகிறார். அதில் ஆறு பெயரை அடிக்கப் போகிறாரா, ஆறையும் விட்டு எஸ்றா என்ற ஒரு பெயரை அடிக்கப் போகிறாரா, அல்லது திங்கட்கிழமை அவசரத்தில் ஏழு பெயரையும் அடித்துவிடுவாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாரை நம்பி எழுத வரவில்லை.

நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் செய்தது இவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ரோச் மேஸ்திரியின் சுரண்டியை எடுத்துக்கொண்டு நாலாம் நம்பர் போயாவிடம் போனேன். உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன். கறுப்பு சுருள் சுருளாக விழுந்தது. ரெட் ஆக்சைடு ஒன்று. ரெட் ஆக்சைடு இரண்டு. இரும்பு தெரிந்தது. சட்டை நுனியால் தூசியைத் துடைத்தேன்.

"ஏலே எஸ்றா! காஞ்ச பெயிண்டுலே அது!" என்று தூரத்திலிருந்து ரோச் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பெயிண்ட் ஆட்கள். அந்தப் பக்கம் ஆறு பெண்களும் வந்து நின்றார்கள். ஜீப் சத்தமும் கேட்டது.

நான் குனிந்தேன். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினேன். துப்பினேன்.

பெயிண்ட் ஆட்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். ரோச் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"என்ன கெடக்கு, தம்பி?" என்றாள் தங்கத்தாய்.

நான் பையிலிருந்து தண்ணீர் நோட்டை எடுத்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை விரித்துப் போயாவின்மேல் வைத்தேன். பென்சிலை நாக்கில் தொட்டேன். நாக்கில் இன்னும் கரிப்பு இருந்தது. ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "நல்ல தண்ணி, 3 டிரம்" என்ற வரியின்மேல் பென்சிலை வைத்தேன்.

மூன்று டிரம் என்பது சரிதான். அதை விட்டுவிட்டு மற்றதை அடித்தேன்.